விதைக்காமல் கிடந்த கொல்லை

மங்கம்மாள் வீட்டு உத்திரத்தில் ஒரு மூங்கில் கூடை தொங்கும். சாணி மெழுகி, அடுப்புப் புகை ஏறி ஏறிக் கறுத்துப்போன கூடை. வருஷத்தில் ஒருமுறை, சாமை விதைக்கிற காலம் வந்தால்தான் அது கீழே இறங்கும். நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த அந்தச் சின்ன மலையூரில் யாருக்கு எவ்வளவு நிலம் இருந்தாலும், எவ்வளவு அவசரம் இருந்தாலும், அந்தக் கூடையைக் கையில் வைத்திருப்பவர் வாயைத் திறந்து ‘விதைக்கலாம்’ என்று சொல்லாமல் ஒரு பிடி சாமை மண்ணில் விழாது. அதனால் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குக் கூடைக்கார வூடு என்றே பெயர்.

கூடை பிடிப்பதற்குக் கூலி கிடையாது. மரியாதை உண்டு. அந்த மரியாதையோடு ஒரு கட்டும் உண்டு. சொன்ன நாளில் விதைத்து, மழை ஏமாற்றி, விதை வீணாய்ப் போனால், வாக்குச் சொன்னவர் வெறுங்கூடையோடு ஊரில் ஆம்பளை இல்லாத வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ‘என் வாக்கு தப்பிச்சு’ என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டார் திட்டுகிற அளவுக்குத் திட்டிவிட்டு ஒரு பிடி விதையைக் கூடையில் போடுவார்கள். அதை வாங்கிப்போய், அந்த வீட்டாரின் மேட்டுநிலக் கொல்லையை அவரே தன் கையால் கொத்தி விதைத்துத் தர வேண்டும். அத்தோடு எல்லாம் தீர்ந்தது. மறுநாள் அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மங்கம்மாளின் புருஷன் வேடியப்பன் ஒருதரம்கூட அப்படி நின்றதில்லை. முழங்கை ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, பிடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்து, அதற்குப் பிறகும் வாய் திறக்காமல் காத்திருக்கிற ஆள். இவர் சொல்றதுக்குள்ள அறுப்பே வந்துரும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் காதில் வாங்கமாட்டார்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், ஆனி பிறக்கிற சமயத்தில், மங்கம்மாளின் தம்பி லட்சுமணன் லீவில் வந்தான்.

அம்மா செத்தபோது அவன் நடக்கக்கூடப் பழகியிருக்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் மங்கம்மாள்தான். போளூர் ஆஸ்டலில் சேர்க்க அவனைக் கடுக்காய் லாரியில் ஏற்றி அனுப்பியவளும் அவள்தான். அன்றைக்கு லாரி வளைவில் மறைகிறவரை அவன் அழுத சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வேலூர், மெட்ராஸ் என்று படிப்பு அவனைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. இப்போது மெட்ராஸையும் தாண்டி, கடலோரத்தில், ராக்கெட் செய்கிற சர்க்கார் உத்தியோகம். ராக்கெட்டுக்குள் எரிகிற மருந்தைக் காய்ச்சி வார்க்கிற பிரிவுக்கு அவன் பெரிய ஆள். அவனுக்குக் கீழே நிறைய பேர் வேலை செய்கிறார்கள் என்றும் சொன்னான்.

ஒவ்வொரு முறை வரும்போதும் அவன் கொஞ்சம் தள்ளிப் போயிருப்பது மங்கம்மாளுக்குத் தெரியும். முதலில் பேச்சு மாறியது. பிறகு தரையில் உட்காருவது நின்றது. அவன் வருகிறான் என்றால் வேடியப்பன் போளூர் சந்தையிலிருந்து அரிசி வாங்கி வருவார். அவனுக்கு மட்டும் நெல்லுச்சோறு, வாழையிலை. அவன் பாதி சாப்பிட்டுவிட்டு “நல்லாருக்குக்கா” என்பான். அந்த ‘நல்லாருக்கு’ அவளுக்கு உள்ளே எங்கேயோ உறுத்தும். சின்ன வயதில் அவன் எதையும் நல்லாருக்கு என்று சொல்லித் தின்றதே இல்லை.

அன்று விதைநாள் கேட்பதற்காக ஊர் மந்தையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வேடியப்பன் கூடையோடு போனார். அங்கே உட்கார்ந்திருந்த மச்சான் லட்சுமணனைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, கூடையை அவன் கையில் வைத்துவிட்டார்.

“எங்க மச்சான் வானத்துக்கே வண்டி வுடறவரு. இந்த வருசம் அவரு கையில இருக்கட்டும்.”

எல்லோருக்கும் சந்தோஷம். ஊர்க்கவுண்டர் ரங்கசாமி முறைப்படி எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டி, “கூடைக்காரரே, எப்ப வெதைக்கறது?” என்று கேட்டார்.

லட்சுமணன் சின்னப்பிள்ளையாய் ஊரைவிட்டுப் போனவன். பெரியவனாகி ஒரு மந்தையிலும் உட்கார்ந்ததில்லை. அவர்கள் சும்மா பேச்சுக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். சிரித்தான். கேரளாவில் மழை இறங்கிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள் என்றான்.

“இங்கயும் சீக்கிரம் வந்துடும். தாராளமா வெதைங்க.”

வேடியப்பன் முகம் சுருங்கியதை மங்கம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தாள். அன்று காலைதான் அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் நாள் ஆவும் என்று அவளிடம் சொல்லியிருந்தார். ஆனால் கூடையிலிருந்து வாக்கு வந்துவிட்டது. வந்த வாக்கைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அந்த மலையில் கிடையாது. மறுநாள் லட்சுமணன் ஜீப்பில் மலை இறங்கிப் போனான். ஊர் ஏர் கட்டியது.

மேகம் வந்தது. மலைக்குமேல் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு ஆலங்காயம் பக்கமாக நகர்ந்து போய்விட்டது. அதன் பின்னாலேயே காற்று. ஆனி முழுக்கக் காற்று. மேல்மண் பறந்து விதை வெளியே தெரிந்தது. புறாக்கள் கூட்டமாய் வந்து இறங்கின. மிச்சத்தை எறும்பு வரிசை கட்டித் தூக்கிப்போயிற்று. எறும்பு போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு வேடியப்பன் வரப்பில் குந்தியிருப்பார்.

ஆடி பிறந்ததும் மந்தை கூடியது. வேடியப்பன்தான் முதலில் எழுந்தார்.

“வாக்குச் சொன்னது மச்சானா இருக்கலாம். கூடையக் குடுத்தது நான். நான் போய் நிக்கறேன்.”

ரங்கசாமிக் கவுண்டர் கையமர்த்தினார். ஒரு தப்பும் செய்யாத வேடியப்பன் நிற்பது நியாயமில்லை என்றார். அதே போல அந்தப் பிள்ளையையும் குற்றம் சொல்ல முடியாது என்றார்.

“அவரு ஊரை வுட்டுப் போனவரு. விருந்தாளியா வந்தவரு. விருந்தாளி சொன்னது வாக்குல சேராது. அவரு பேரை இதுல இழுக்க வேணாம். இத்தோட வுட்டுருவோம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய மனசான தீர்ப்புதான். ஆனால் ஒவ்வொரு ‘அவரு’வும் மங்கம்மாள் மேல் கல்லாய் விழுந்தது. இதே கவுண்டர், லட்சுமணன் மூக்கொழுகத் திரிந்த காலத்தில், நாவற்பழம் திருடினான் என்று காதைப் பிடித்து இழுத்து வந்து அவளிடம் விட்டவர். இப்போது மன்னித்து விடுகிறார். மன்னித்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

மந்தையில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. அவள் முன்னால் வந்துவிட்டாள்.

“எங்க தம்பி விருந்தாளி இல்லைங்க கவுண்டரே. அவன் இந்த ஊர்ல பொறந்தவன். அவன் வாக்கு தப்பிச்சு. அவன்தான் வந்து நிக்கணும்.”

தம்பியைத் தண்டிக்கச் சொல்லி ஒரு அக்காக்காரி கேட்பதை அவர்கள் பார்த்ததில்லை. பின்னாலிருந்து கெங்கம்மாளின் குரல் வந்தது. கெங்கம்மாள் புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் ஒண்டியாய் இருப்பவள். ஊரில் ஆம்பளை இல்லாத வீடு அவளுடையதுதான். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

“நிக்கணும்னா எங்கடி அவன்? என் பாறைமேட்டுக் கொல்லைய வானத்துல இருந்தா கொத்துவான்?”

“வருவான் அத்தை. அது வரைக்கும் உன் கொல்லை கெடக்கட்டும்.”

“கெடந்தா நான் இன்னாத்தத் தின்றது?”

“எங்க வூட்டுக் களி உனக்கு வரும். நானே கொண்டாந்து தர்றேன்.”

கெங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போய் வேடியப்பன் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டாள்.

“சாமைக்குக் காலம் போனா கொள்ளு இருக்குது. கொள்ளுக்கும் காலம் போச்சுன்னா உன்னைச் சும்மா வுட மாட்டேன். கூடை என் வாசல்ல தொங்கும். அவனே வந்து எடுத்துக்கட்டும்.”

அன்று சாயங்காலம் வேடியப்பன் வெறும் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார். “நான் நின்னிருந்தா ஒரு நாளோட முடிஞ்சிருக்கும். அவனுக்குத் தெரியாமலே போயிருக்கும்.”

“தெரியாம போவக் கூடாதுன்னுதான்” என்றாள் அவள்.

வாணியம்பாடி முக்தார் அகமது, தோல் பதனிடுகிற இடங்களுக்குக் கடுக்காய் வாங்குகிறவர், அந்த வாரம் லாரியோடு வந்தார். லட்சுமணனைப் போளூருக்கு ஏற்றிப்போனது அவர் லாரிதான். வேலையாக மெட்ராஸ் போகும்போது அவனையும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற பழக்கம் உண்டு. அவரிடம் மங்கம்மாள் இரண்டே வார்த்தை சொல்லி அனுப்பினாள். வாக்கு தப்பிப் போச்சு. கெங்கம்மா கொல்லை கெடக்குது. வா என்று சொல்லவில்லை. கூப்பிட்டு வந்து நிற்பது நிற்பதாகாது என்று நினைத்தாள்.

ஆடியில் மழை பிடித்தது. வேடியப்பன் கூடையில்லாமல் வெறுங்கையோடு மந்தையில் நின்று, கூச்சத்தோடு விதைநாள் சொன்னார். மிச்சம்மீதி இருந்த விதையைத் தேற்றி ஊர் மறுபடி விதைத்தது. ஆவணியில் மலைச்சரிவு முழுக்கச் சாமைப்பயிர் முடிமுடியாய் எழும்பியது. நடுவில் பாறைமேட்டில் மட்டும் கெங்கம்மாளின் கொல்லை சிவப்பாய், மொட்டையாய்க் கிடந்தது. எங்கே நின்று பார்த்தாலும் அது கண்ணில் பட்டது. தினமும் மத்தியானம் மங்கம்மாள் களியும் கடைந்த கீரையும் எடுத்துக்கொண்டு அதைக் கடந்துதான் போக வேண்டும். கெங்கம்மாள் வாங்கிக்கொண்டு, களி குழைந்துவிட்டது, கீரையில் மண் இருக்கிறது என்று ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத் தின்பாள்.

ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனால் ஜெயம்மாள் விடமாட்டாள். “இன்னா மங்கா, உங்க தம்பி பஸ்ஸுல வர்றாரா, இல்ல ராக்கெட்லயே வந்து எறங்கறாரா? சொல்லிடு, நாங்க வெதைச்ச கொல்லையில எறக்கிடப் போறாரு.” மற்றவர்கள் சிரிப்பார்கள். மங்கம்மாளும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொள்வாள்.

ஆவணிக் கடைசியில் முக்தார் பாய் திரும்பி வந்தார். லாரியிலிருந்து இறங்கியதுமே நேராக வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொன்னார்.

“பார்த்தேன் தங்கச்சி. ஆளு எளைச்சுட்டாரு.”

அங்கே பெரிய ராக்கெட் குழல் ஒன்றைத் தரையோடு கட்டிவைத்துக் கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள். அது வெடித்துவிட்டது. ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அத்தனை பேருடைய நெடுநாள் உழைப்பு புகையாய்ப் போயிற்று. மருந்து சரியாக ஆறுவதற்கு முன்னால் அவசரப்பட்டு எடுத்துவிட்டார் கிருஷ்ணன் என்கிற ஒருவர். பிள்ளைகுட்டிக்காரர். டெல்லியிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் யார் செய்தது என்று கேட்டிருக்கிறார்கள். லட்சுமணன் எழுந்து, என் பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறான். விசாரணை முடிகிறவரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. வர வேண்டிய பதவி உயர்வும் நின்றுபோயிற்று.

“அடுத்தவன் பண்ணதுக்கு நீங்க ஏன் தம்பின்னு கேட்டேன். ‘அவரை அந்த வேலையில வெச்சது நான்தானே பாய், அப்ப நான்தான் பதில் சொல்லணும்’னாரு.”

மூலையில் உட்கார்ந்து களைக்கொத்துக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்த வேடியப்பன் கையை நிறுத்தினார். மங்கம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார்.

“நான் சொன்னதைச் சொன்னீங்களா?”

“சொன்னேன். மந்தையில நடந்தது, கூடை தொங்கறது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. தாங்கிக்க முடியல போல. அப்புறம் கேட்டாரு, கெங்கம்மா அத்தை கொல்லைன்னா பாறைமேட்டுல இருக்கே, அதுவான்னு.”

அத்தை என்றானா என்று மங்கம்மாள் கேட்டாள். அத்தை என்றுதான் சொன்னார் என்றார் பாய்.

“வர்றேன்னு சொன்னானா?”

“அதைச் சொல்லல தங்கச்சி. கொள்ளு வெதைக்க எது வரைக்கும் காலம் இருக்குதுன்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? கடுக்காயா இருந்தா சொல்லியிருப்பேன்.”

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவள் புரட்டாசியை ஓட்டினாள். பஸ் வருகிற நாளெல்லாம் அவளுக்கு ரோட்டுப் பக்கம் வேலை இருந்தது. ஒருநாள் விறகு. ஒருநாள் காணாமல் போகாத ஆட்டைத் தேடிப் போனாள். பஸ்ஸிலிருந்து சந்தைக்குப் போனவர்கள் இறங்குவார்கள், மூட்டை இறங்கும், கோழி இறங்கும். கடைசி ஆள் இறங்கிய பிறகும் படியையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்டக்டர் விசில் ஊதுவார். சின்ன வயதில் மழை பெய்தால் அவன் அவள் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, இடிச் சத்தத்துக்கு வானத்தைத் திட்டுவான். அது நினைவுக்கு வரும். வானத்தைத் திட்டிய பிள்ளை வானத்துக்கே வேலைக்குப் போய்விட்டான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பி நடப்பாள்.

புரட்டாசி முடிகிற நாட்களில் ஒரு மத்தியானம் வேடியப்பன் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைமேட்டுப் பக்கம் கிளம்பினார். அவள் வழியில் வந்து நின்றாள்.

“எங்க?”

“கொள்ளுக்கும் ஈரம் போவுது. நான் கொத்திப் போட்டுட்டு வர்றேன்.”

“அவன் வருவான்.”

வேடியப்பன் கோபப்படாத ஆள். அன்றைக்கு அவர் குரல் மாறியது. “உன் தம்பி மேல உனக்கு ஆசை. அது எனக்குத் தெரியாதா? அதுக்கு அந்தம்மா ஒரு வருச வெள்ளாமைய வுடணுமா? நாளைக்கு அவ கொள்ளுக்கும் நம்ம வாசலுக்குத்தானே வரணும்?”

அவர் சொன்னது நியாயம். தான் அந்த மொட்டைக் கொல்லையைத் தம்பிக்குப் பாய் விரித்து வைத்ததுபோல் வைத்திருக்கிறோம், அதில் வேறொருத்தியின் வயிறு இருக்கிறது என்பது அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

“நாளைக்கு பஸ் வர்ற நாளு” என்றாள் கடைசியாக. “அதைப் பார்த்துடறேன். வரலன்னா நானே அத்தைகிட்டப் போய்ச் சொல்லிடறேன், அவன் விருந்தாளிதான்னு. நீங்க கொத்துங்க.”

அவர் கொத்தை இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

ராத்திரி மழை கொட்டியது. காலையில் ரோட்டுக்குப் போனபோதே மண் சரிந்து வழி அடைபட்டிருப்பதாகப் பேச்சு. பஸ் வராது என்றார்கள். இருந்தும் நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தது. நின்ற மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மேட்டிலிருந்து ரோடு வெறுமையாய், ஈரமாய் இறங்கிப் போனது. அவன் லாரியில் ஏறிப்போன அதே வளைவு. அழக்கூட வரவில்லை அவளுக்கு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கெங்கம்மாள் வீட்டுக்கு நடந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். விருந்தாளிதான் அத்தை. விருந்தாளிதான்.

வேலியை நெருங்கும்போதே கெங்கம்மாளின் குரல் கேட்டது. யாரையோ நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வானத்துல இன்னா கீதுன்னு தெரியும், காலுக்குக் கீழ மண்ணு காஞ்சு கெடந்தது தெரியலியாடா உனக்கு? ரேடியோ சொல்லிச்சாம். ரேடியோவா வந்து எனக்கு வெதை குடுக்கும்? அந்தக் கண்ணாடியக் கழட்டு மொதல்ல. மூஞ்சியப் பார்த்துத் திட்டணும். உங்க அக்கா போடற களியத் தின்னு தின்னு என் வாய் செத்துப் போச்சு. இவ்ளோ நாளா எங்கடா இருந்த?”

மங்கம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள் குத்தியது தெரியவில்லை.

லட்சுமணன் வாசலில் நின்றான். முழங்கால் வரை சேறு. சரிந்த இடத்தில் பஸ்ஸை விட்டுவிட்டுக் காட்டு வழியாக ஏறி வந்திருக்கிறான். பேண்டைச் சுருட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். விருந்துக்கு வருகிறவன் அக்கா வீட்டுக்குத்தான் முதலில் வருவான். அவன் நேராக இங்கே வந்திருக்கிறான்.

“என் வாக்கு தப்பிச்சு அத்தை.”

“தப்பிச்சுன்னு வாயால சொன்னா ஆச்சா? கூடையப் புடி” என்ற கெங்கம்மாள் உள்ளே போய் ஒரு பிடி கொள்ளோடு வந்து கூடையில் கொட்டினாள். அது போதவில்லை என்று மறுபடி உள்ளே போனாள்.

மங்கம்மாள் கூப்பிடவில்லை. ஓசைப்படாமல் திரும்பி வீட்டுக்கு ஓடினாள். அவன் வரலாம் என்று போளூரிலிருந்து வாங்கி வைத்திருந்த அரிசியைப் புடைத்து முறத்தில் வைத்திருந்தாள். அதை அப்படியே பானையில் திரும்பக் கொட்டி மூடினாள். கேழ்வரகு மாவை எடுத்தாள். களி கிளறும்போதுதான் அழுகை வந்தது.

வேலைக்காரருக்குக் கொண்டுபோவதுபோல் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பாறைமேட்டுக்குப் போனபோது, அவன் கொல்லையில் கால்வாசியைக் கொத்தியிருந்தான். வேடியப்பன் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உதவிக்கு இறங்கக் கூடாது. அதனால் வாயால் மட்டும் கொத்திக்கொண்டிருந்தார். ஆழமா வேணாம் மச்சான், கொள்ளுக்கு மேலாக்கப் போதும். அந்த வழியாகப் போன ரங்கசாமிக் கவுண்டர் நின்று, “இன்னாடா லச்சுமணா, எப்ப வந்த? கொத்தைப் புடிக்கறது மறந்து போச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

லட்சுமணன் மண்ணில் குந்தினான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சட்டியை இறக்கினாள். விசாரணை முடிந்ததா என்று வேடியப்பன் கேட்டார். முடிந்தது என்றான். மறுபடி முதலிலிருந்து வார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

“அந்தக் கிருஷ்ணன்?”

“அவரைத்தான் மாமா திரும்ப அந்த வேலையில போட்டேன். எல்லாரும் வேணாம்னாங்க. ஒரு தரம் சூடு பட்டவரு, இனிமே ஆறாம எடுக்க மாட்டாரு.”

வேடியப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “அப்ப சரி. அடுத்த வருசமும் கூடை உன் கையிலதான்.”

“முழங்கை ஆழம் தோண்டிப் பார்த்துட்டுத்தான் மாமா வாயத் தொறப்பேன்.”

மங்கம்மாள் களியைப் பிட்டு அவன் கையில் வைத்து, நடுவில் குழித்து, கீரையை ஊற்றினாள். அவன் மண் ஒட்டிய கையோடு வாயில் போட்டு மென்றான். முகத்தைச் சுளித்தான்.

“இன்னாக்கா இது, உப்பே இல்ல?”

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னொரு உருண்டை களியை அவன் கையில் வைத்தாள்.

“தின்னுட்டுக் கொத்து” என்றாள்.